தாசில்தாருக்குச் சிப்பிப்பொடி

கொல்லயில் கிராமம்
8-1-1956

மைத்துனன் வேலாயுதனுக்குச் செல்லசாமி எழுதுவது.

இதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று நீ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமை தொடங்கினேன், இன்றைக்கு ஞாயிறு. இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். அவசரம் இல்லை. அறுபத்தேழு வருஷம் எழுதாமல் இருந்தவனுக்கு நாலு நாள் பெரிய காரியமா?

வாசகசாலையில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. சத்யபாமா டீச்சர் சொல்லித் தருகிறார். முதல் நாள், "எந்த எழுத்து படிக்கணும், தமிழா மலையாளமா?" என்று கேட்டார். தமிழ்நாடா கேரளமா என்று ஊரே இரண்டாகக் கிடக்கிற இந்தக் காலத்தில் அது சாதாரணக் கேள்வி இல்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். "எனக்க மைத்துனனுக்கு ஒரு கடிதம் போடணும். அவன் வாசிக்கியது தமிழாக்கும். அதையே சொல்லித் தாருங்க" என்றேன். அவ்வளவுதான். எட்டு மாதம் ஆயிற்று. இப்போது பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு ஏறுகிறேன். பீடிக்கட்டுத் தாளையும் விடுவதில்லை. வாசித்து முடிக்கும் வரை உன் அக்காள் மிளகாய் பொதிந்து வந்த காகிதத்தை அடுப்பில் போட முடியாது.

எழுத வந்த காரியம் தாசில்தாரைப் பற்றியது. நெய்யாற்று வெள்ளத்தில் ஓரணாக் காசு அளவில் நீ எடுத்து வந்து, நம் முற்றத்துக் கல்தொட்டியில் பத்து வருஷம் வளர்த்த ஆமை. எதற்கும் அசைவதில்லை, அசைந்தால் சாப்பாட்டுக்குத்தான் என்று நீயே வைத்த பெயர். நீ போர்வையும் டிரங்குப்பெட்டியும் எடுத்துக்கொண்டு குழித்துறைக்குப் போன பிறகு, கீரி ஒன்று தொட்டிப் பக்கம் சுற்றத் தொடங்கிற்று. அதனால் ஆமையைக் கிணற்றில் விட்டேன். நம் ஊரில் கிணற்றில் ஆமை விடுவது வழக்கம்தானே, தண்ணீரும் சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அம்மிணி தினமும் சோறும் பழமும் மேலே இருந்து போட்டாள்.

போன வாரம் கிணறு இறைத்தபோது கடகத்தில் வைத்து மேலே எடுத்தோம். வேலாயுதா, அதன் முதுகு என் விரலுக்கு அமுங்குகிறது. ஓட்டின் ஓரம் காய்ந்த வெற்றிலை போல மேலே சுருண்டிருக்கிறது. பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறது. நான் பார்த்த ஆமைகளுக்கு எல்லாம் ஓடு கல்லாக இருந்தது. நீ இருந்தபோது இதற்கு என்ன கொடுத்தாய்? உடனே எழுது.

அந்த மனு காரியத்தைப் பற்றி இதில் ஒன்றும் எழுதவில்லை. அதை எழுதும் அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை.

இப்படிக்கு,
செல்லசாமி
(பார், கையெழுத்து.)


குழித்துறை
21-1-1956

அக்காள் அம்மிணிக்குத் தம்பி வேலாயுதன் எழுதுவது. நான் நலம். மருந்துக்கடையில் கம்பவுண்டர் வேலை நிரந்தரமாகிவிட்டது.

உனக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துச் சொல்ல இப்போது வீட்டிலேயே ஆள் உண்டு என்று அறிந்தேன். நல்லது. அவர் வாசிக்கட்டும். ஆனால் நான் எழுதுவது உனக்கு மட்டும்.

நான் ஏன் அந்த வீட்டை விட்டு வந்தேன் என்று நீ அன்றைக்கு அழுதுகொண்டே கேட்டாய். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். இப்போது சொல்கிறேன். நம் ஊரும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ராஜ்யங்களைப் பிரிக்கிற கமிஷனுக்கு மனு எழுதி வீடு வீடாகப் போனவன் நான். முதல் ஆளாகப் பெருவிரலை வைத்தவர் உன் வீட்டுக்காரர். ஊரெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். பதினைந்து நாள் கழித்துப் பாறசாலைச் சந்தையில் எதிர்க்கட்சிக்காரர்கள் அவர்களுடைய மனுவை விரித்துப் பிடித்தார்கள். திருவனந்தபுரத்தோடேயே இருக்க வேண்டும் என்ற மனு. அவர்களில் ஒருவனான ஜெயதாஸ் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டான். "எலே வேலாயுதா, ஒனக்க அத்தான் இஞ்சயும் உண்டு, வந்து பாரு!" என்றான்.

பார்த்தேன். 'சூளை செல்லசாமி, கொல்லயில்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் பெருவிரல். ரேகை ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கலாம், அவ்வளவு தெளிவு. சந்தை முழுக்கச் சிரித்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன். "நான் வைக்கல்ல" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு, போலீஸ் எங்கள் ஆட்களைச் சுட்ட அந்த ஆகஸ்டு மாதம் வந்தது. எங்களில் யாரும் நிதானத்தில் இல்லாத மாதம். பிறகு எனக்கு அங்கே சோறு இறங்கவில்லை.

போகட்டும். ஆமை என்ன பிழை செய்தது? அவரிடம் சொல்: கிணற்றில் விட்டது பெரிய தவறு. அங்கே வெயில் இல்லை. வெறும் சோறும் பழமும் தின்றால் ஓடு எப்படி இறுகும்? நான் வயல் நத்தையைத் தோட்டோடு போடுவேன், மத்திமீன் தலையும் முள்ளுமாகப் போடுவேன். இப்போது சுண்ணாம்புச் சூளைக்காக முற்றத்தில் குவிந்து கிடக்கும் சிப்பியைப் பொடித்துச் சோற்றில் ஒரு நுள்ளு கலந்து கொடுக்கச் சொல். அதில் இருக்கிற சத்துத்தான் ஓடாக மாறும். இது போதும்.

தம்பி,
வேலாயுதன்


கொல்லயில்
12-2-1956

வேலாயுதனுக்குச் செல்லசாமி எழுதுவது.

உன் கடிதத்தை உன் அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். என்னைத் திட்டியதை நானே எழுத்துக்கூட்டி, நிறுத்தி நிறுத்தி, உரக்க வாசிக்க வேண்டியதாயிற்று. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டேன். அம்மிணி விடவில்லை.

"அவன் எனக்கில்லா எழுதியிருக்கான். நிங்க வாசிச்சா போரும், எடையில மொகத்தத் தூக்காண்டாம்."

"இதுல என்னைய பத்தி எழுதியிருக்கான்."

"அதுதான் நல்ல எடம். இன்னொருக்க வாசியுங்க."

இரண்டு தடவை வாசித்தேன். அவளுக்கு அது இன்பம். எனக்கும் ஒரு இன்பம் இருந்தது, அதை மறைக்கவில்லை. தொலைவில் இருக்கிற ஒருவன் கோபப்படுகிறான், அந்தக் கோபம் தாளில் ஏறி பஸ்ஸில் வந்து என் வாய்வழியாக வெளியே வருகிறது. இது என்ன அதிசயம்!

இனி சொல்லப்போவது நல்ல செய்தி இல்லை.

நீ சிப்பியைப் பொடித்துக் கொடுக்கச் சொன்னாய். நான் பொடிக்கவில்லை, சுட்டேன். ஆறு கடலில் சேரும் பூவாறு பொழியிலிருந்து வந்த குவியலில் வெளுத்த சிப்பியாகப் பார்த்து இரண்டு நாழி அளவு பொறுக்கினேன். சின்ன அடுப்பு கட்டி, சிரட்டைக் கரியில் போட்டு, துருத்தி ஊதி, ஒரு பகல் முழுக்கச் சுட்டேன். தண்ணீர் தெளித்து நீற்றினேன். மல்துணியில் சலித்தேன். அப்படி ஒரு வெண்மையை நான் கோயில் சுவருக்குக்கூடக் கொடுத்ததில்லை. பச்சைச் சிப்பியில் சேறும் உப்பும் இருக்கும், தீயில் இறங்கி ஏறினால்தான் அதன் நல்ல குணம் வெளியே வரும். நாற்பத்தைந்து வருஷமாக நான் அறிந்தது அது ஒன்றுதான். அதனால் அந்த ஆமைக்கும் அதையே செய்தேன்.

குன்றிமணி அளவு சோற்றில் கலந்து வைத்தேன். இரண்டு வாய் எடுத்தது. பிறகு முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கத் தொடங்கிற்று. வாய் திறந்தபடி நின்றது. உள்ளே சிவந்து வெந்திருந்தது. அம்மிணி தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். "சுண்ணாம்புக்காரனுக்க கையில ஆமைய கொடுத்தா, அதையும் வெள்ளையடிச்சுத்தான் விடுவான்" என்றாள். ஆறு நாள் ஆயிற்று, இன்னும் ஒன்றும் தின்னவில்லை. கண்ணை மூடியபடி கிடக்கிறது.

அன்றைக்குத் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீற்றின சுண்ணாம்பு மூன்று நாளில் தோலைத் தின்னும் என்று வேலைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். எண்ணெய் தடவாமல் தொடாதே என்பேன். இரண்டு வாயில் ஒரு பிராணி வெந்து போகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் கையை வருஷக்கணக்காகத் தின்னும்போது நமக்கு அது தெரிவதே இல்லை.

வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. சேருகிற நாளில் எல்லாரும் ஒரு தாளில் கடைசித் தடவையாகக் கைநாட்டு வைக்க வேண்டும். டீச்சர் அதைச் சுவரில் ஒட்டிவிடுவார். பெயர் எழுதப் படித்த பிறகு, அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் விரலை மையில் தோய்த்து வைத்தேன். ஒரு வரிகூட விழவில்லை, தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போல வட்டமாக ஒரு கறை. மறுபடி வைத்தேன், அதுவும் அப்படியே. பனையேறி ஞானையன் என் தோளைத் தட்டி, "எலே சூளைக்காரா, ஒனக்குத் தலையெழுத்துதான் இல்லேண்ணு நெனச்சேன், கைரேகையும் இல்லியா?" என்றான். எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

மனு காரியத்தை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு நான் உன் முகத்தைப் பார்க்காதது உண்மை. பொய் சொன்னதால் இல்லை. எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. சந்தையில், சாயக்கடையில், சூளையில், யார் யாரோ தாளை நீட்டுவார்கள். ரோட்டுக்கு என்பார்கள், ஆற்றுப் பாலத்துக்கு என்பார்கள், நான் வைப்பேன். எதில் வைத்தேன், எதில் வைக்கவில்லை என்று வாசிக்கத் தெரியாதவன் எப்படிச் சொல்வான்? வைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, ஒருவேளை வைத்திருப்பேனோ என்று அந்த நிமிஷமே நினைத்தேன். அந்த நினைப்பைத்தான் நீ என் முகத்தில் பார்த்தாய். அதன் பிறகுதான் எழுத்துப் படிக்க வேண்டும் என்று தோன்றிற்று.

ஆமையின் வாய்க்கு என்ன செய்ய வேண்டும்? பழிசொல்ல வேண்டுமானால் அடுத்த கடிதத்தில் சொல். இதில் மருந்தை மட்டும் எழுது.

செல்லசாமி


குழித்துறை
16-2-1956

அத்தானுக்கு வேலாயுதன் எழுதுவது.

கடிதம் இன்று காலை கிடைத்தது. கடையில் நின்றபடியே எழுதுகிறேன்.

பயப்பட வேண்டாம். ஆமைக்கு உயிர் கெட்டி. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பின் வாடையே இல்லாமல் செய்து, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். கழுத்தளவுக்கு மேல் வேண்டாம். தினமும் மாற்றுங்கள். தானாக வாயைத் திறக்கும் வரை எதையும் திணிக்காதீர்கள். பத்து நாள், பதினைந்து நாள்கூட அது பட்டினி கிடக்கும், சாகாது.

வாய் ஆறிய பிறகு செய்ய வேண்டியது இது. காலையில் ஒரு மணி நேரம் வெயிலில் விடுங்கள். தொட்டியின் பாதிக்கு ஓலை போட்டு நிழல் வையுங்கள், சுட்டால் அங்கே ஒதுங்கட்டும். வெயில் படாவிட்டால் எவ்வளவு சத்துக் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. முட்டைத் தோட்டைக் கொதிக்க வைத்து, காயப்போட்டு, அம்மியில் அரைத்து, முருங்கைக் கீரையோடு பிசைந்து வையுங்கள். நத்தை கிடைத்தால் உயிரோடு போடுங்கள், தோட்டோடு கடித்துத் தின்னும். சிப்பியைப் பச்சையாகவே இடித்து மாவாக்கி ஒரு நுள்ளு. அத்தான், பச்சையாக. தீயில் காட்டாதீர்கள். ஓட்டுக்கு வேண்டியது கடலில் இருந்து வரும்போதே அதில் இருக்கிறது.

குளச்சலில் இருந்து வருகிற கணவாய் மீனின் ஓடு ஆறு வாங்கி, நாகர்கோவில் பஸ்ஸின் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வெள்ளையாக, லேசாக இருக்கும். ஒன்றைத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். வேண்டும்போது அதுவாக வந்து கொறிக்கும்.

இதற்குக் கீழே நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன். அடித்ததை வெளிச்சத்தில் பிடித்து வாசிக்க முயல வேண்டாம்.

ஒரு காரியம் கேட்கிறேன். ஏன் என்று கேட்கக் கூடாது. அடுத்த கடிதத்தில் கையெழுத்துக்குப் பதிலாக உங்கள் வலது பெருவிரலை மையில் தோய்த்து வைத்து அனுப்புங்கள்.

வேலாயுதன்


கொல்லயில்
18-3-1956

வேலாயுதனுக்கு.

தாசில்தார் இருபத்து மூன்றாம் நாள் வாயைத் திறந்தார். அம்மிணி வயலில் இருந்து கொண்டு வந்த நத்தையைத் தொட்டியில் போட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றோம். கழுத்தை நீட்டிற்று. நத்தையைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. பிறகு 'கடுக்' என்று ஒரு சத்தம். அம்மிணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் பகலில் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கணவாய் ஓட்டை அது இரண்டு நாள் தொடவில்லை. படகு என்று நினைத்துத் தள்ளித் தள்ளி விளையாடிற்று. மூன்றாம் நாள் ஓரத்தில் பல் இல்லாத கிழவி முறுக்குக் கடித்தது போல ஒரு குழி. முட்டைத்தோட்டுக்காக அம்மிணி அக்கம்பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். "தாசில்தாருக்குத் தோடு உண்டோ?" என்று அவள் வேலிக்கு மேலே கேட்கிறாள். புதிதாக வந்த வாத்தியார் ஒருவர், அரசாங்க உத்தியோகஸ்தருக்கு முட்டைத்தோடு எதற்கு என்று யோசித்து இன்னும் தலையைச் சொறிகிறார்.

சிப்பியைப் பச்சையாகவே இடிக்கிறேன். இடிக்கும்போது கை தானாக அடுப்புப் பக்கம் போகிறது. பிடித்து நிறுத்துகிறேன். தீ படாத சிப்பியால் ஒரு பிரயோசனம் உண்டு என்பதை அறுபத்தேழு வயதில் அறிகிறேன்.

நீ கேட்ட காரியம். வேலாயுதா, எனக்கு வருத்தம். எட்டு மாதம் பெஞ்சில் உட்கார்ந்து, கண் வலித்து, சின்னப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்து, அப்படிப் படித்த கையெழுத்து. அதை முதல் முதலாக உனக்குத்தான் அனுப்பினேன். அது வேண்டாம், விரல் போதும் என்கிறாய். நான் எழுதியதை நம்பவில்லையா? வேறு யாரோ எழுதுகிறார்கள் என்று நினைக்கிறாயா? ஏன் என்று கேட்கக் கூடாது என்கிறாய். பெருவிரல் வைத்த காலத்தில்தான் நான் ஏன் என்று கேட்காமல் இருந்தேன்.

இருந்தாலும் கேட்டவன் நீ. வகுப்பில் கடைசிக் கைநாட்டு என்று சத்தியம் செய்ததை உனக்காக மீறுகிறேன். கீழே வைத்திருக்கிறேன். மூன்று தடவை வைத்தேன், மூன்றும் கறைதான். பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதை நீ வேண்டாம் என்று சொல்ல முடியாது.

செல்லசாமி


குழித்துறை
30-6-1956

அத்தானுக்கு.

மூன்று மாதமாக உங்கள் கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது. மூன்று கறைகள். வியர்வையில் கொஞ்சம் பரந்துவிட்டன. தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

நான் ஏன் விரலைக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். சந்தையில் நான் பார்த்த பெருவிரலில் ரேகை தெளிவாக இருந்தது என்று அக்காளுக்கு நானே எழுதினேன். உங்களுக்கு ரேகையே இல்லை என்று ஞானையன் சிரித்ததை நீங்கள் விளையாட்டாக எழுதினீர்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அது உங்கள் விரல் இல்லை. நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. ஆமையின் வாயைப் பற்றிய கவலையில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். என் சந்தேகம் தீர உங்கள் விரலையே கேட்டேன்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவனாகிவிடுவேன். நிறுத்த முடியவில்லை.

உங்களுக்கு ரேகை இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும், அத்தான். நம் மனுவில் நீங்கள் முதல் ஆளாக விரல் வைத்தீர்களே, அன்றைக்கு உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இதே கறைதான் விழுந்தது. சாயங்காலம் எங்கள் காரியதரிசி அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, மை கொட்டினதா? எதிர்க்கட்சிக்காரன் கண்டா கள்ளக் கைநாட்டுன்னு வழக்குப் போடுவான்" என்றார். அந்தத் தாளில் உங்கள் பெயர் மட்டும்தான் இருந்தது. அதைக் கிழித்தேன். புதுத் தாளில் உங்கள் பெயரை எழுதி, என் பெருவிரலை வைத்தேன். அழகாக விழுந்தது. கமிஷனுக்குப் போன மனுவில் செல்லசாமி என்ற பெயருக்கு நேரே இருப்பது நான்.

பதினைந்து நாளில் அதே பெயருக்கு நேரே இன்னொரு தெளிவான ரேகையைப் பார்த்தேன். உடனே, இது எவனோ என்னைப் போலச் செய்தது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உலகத்தில் அது தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். சந்தையில் சிரித்தார்கள், எனக்குக் கோபம் வந்தது, கோபத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. என் விரலை நான் மறந்துவிட்டேன். மறந்தேன் என்று எழுதுகிறேன். மறக்க விரும்பினேன் என்பதுதான் சரி.

வாய் வெந்து போன ஆமைக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தபோதுதான் இது என் முன்னால் வந்து நின்றது. அன்று அடித்த நான்கு வரி இவைதான். அப்போது எழுத முடியவில்லை.

ஜெயதாஸ் உங்களிடம் வாங்கிய கறையைப் பார்த்துவிட்டு மாற்றி வைத்தானா, உங்களிடம் வராமலே வைத்தானா என்று எனக்குத் தெரியாது. என்னைப் பற்றி மட்டும்தான் நான் சொல்ல முடியும்.

அக்காளிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியையும் விட வேண்டாம். இரண்டு தடவை கேட்பாள், இரண்டு தடவையும் வாசியுங்கள்.

வேலாயுதன்


கொல்லயில்
4-11-1956

வேலாயுதனுக்குச் செல்லசாமி எழுதுவது.

பதில் எழுத நான்கு மாதம் ஆனது. எழுத்து வராததால் இல்லை. ஜூலையில் ஒன்று எழுதினேன், அது முழுக்கக் கோபம், கிழித்துவிட்டேன். ஓணத்துக்கு ஒன்று எழுதினேன், அது முழுக்கப் பெருந்தன்மை, அதையும் கிழித்துவிட்டேன். இரண்டும் என் குரல் போல இல்லை.

உன் கடிதத்தை அம்மிணிக்கு இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை முடித்ததும், மறுபடி வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை முடித்ததும், "அவனும் ஒரு பாடு சுண்ணாம்பு தின்னுட்டான், பாவம்" என்றாள். எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரை மாற்றினாள்.

நான் ஜெயதாசிடம் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. சிரித்தான். "பாட்டா, ஒம்ம எங்க போய்த் தேட? நீரு பூவாறுக்குச் சிப்பி எடுக்கப் போயிருந்தீரு. எப்படியும் வைப்பீருண்ணு நானே வச்சேன்" என்றான். மனத்தில் கள்ளம் இல்லாமல்தான் சொன்னான். உன்னைப் போலவே அவனுக்கும் என்னிடம் பிரியம் உண்டு.

ஆக, இரண்டு மனுவிலும் நான் உண்டு. இரண்டிலும் நான் இல்லை. வைத்தேனோ வைக்கவில்லையோ என்று இரண்டு வருஷம் என்னையே சந்தேகப்பட்டுக் கிடந்தேன், அது தீர்ந்தது. அந்த நிம்மதி பெரியது. நீ சொல்லாமல் இருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது. நீ செய்தது தப்பு. அதைச் சொன்னது சரி. இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைக்கிறேன், ஒன்று மற்றொன்றை அழிக்க வேண்டாம்.

வியாழக்கிழமை ராஜ்யங்கள் பிரிந்தன. களியக்காவிளையில் வெடி போட்டது இங்கே கேட்டது, நெய்யாற்றின்கரையில் போட்டதும் கேட்டது. நடுவில் இருந்து இரண்டையும் கேட்டோம். நீ இப்போது மதராஸ் ராஜ்யம், நாங்கள் கேரளம். பஸ் அதே பஸ்தான். "தாசில்தாருக்கு இனி எந்தச் சர்க்காரு சம்பளம் குடுக்கும்?" என்று அம்மிணி கேட்கிறாள்.

சம்பளத்துக்குக் குறை இல்லை. முட்டைத்தோடு, நத்தை, பச்சைச் சிப்பிமாவு, காலை வெயில். பழைய சுருட்டல் ஓரத்தில் இன்னும் இருக்கிறது, அது போகாது போலிருக்கிறது. ஆனால் அதைச் சுற்றிப் புது வளையம் ஒன்று கறுப்பாக, கெட்டியாக வளர்ந்திருக்கிறது. நேற்று விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். சிரட்டை போலச் சத்தம் கேட்டது. நான்கு காலிலும் நடக்கிறது. நீ அனுப்பிய கணவாய் ஓடு ஆறும் தீர்ந்துவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டும். அக்காள் மத்திக்குழம்பு வைப்பாள், மீன் தலையெல்லாம் தொட்டிக்குப் போகும் என்று இப்போதே சொல்லிவிட்டாள். வரும்போது கணவாய் ஓடு கொண்டு வா.

இன்னொன்றும் கொண்டு வா. அந்த மனுவின் நகல் ஒன்று உன் டிரங்குப்பெட்டியில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஜெயதாசிடமும் அவர்களுடையதைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் எனக்கு அதை வாசித்துக் காட்டவில்லை. நீ எந்தப் பக்கம் என்று என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. காலம் கடந்துவிட்டது, எல்லை போட்டாயிற்று, கமிஷன் கலைந்துபோயிற்று, எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டையும் நானே முழுதாக வாசிக்க வேண்டும். மெதுவாகத்தான் வாசிப்பேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருக்க வேண்டும்.

எது சரி என்று எனக்குப் படுகிறதோ, அதில் கையெழுத்துப் போடுவேன்.

செல்லசாமி